நிலவாகையும் கீழாநெல்லியும்: மருந்தைச் சோதித்தவர்களின் வரலாறு



வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பள்ளிவாசல் படியிறங்கி வருபவர், கடைத்தெருவை அடைவதற்குள் குறைந்தது ஒரு மருந்து வியாபாரியையாவது கடந்து செல்கிறார். தரையில் விரித்த துணியின்மீது கருஞ்சீரக எண்ணெய்ச் சீசாக்கள் வரிசையாக நிற்கும். பக்கத்தில் மலைத்தேன், அத்திப்பழம், சதுரகிரி மூலிகை என்று அட்டை தொங்கும் பொடிப் பொட்டலங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி, மஞ்சள் காமாலை என எல்லா நோய்க்கும் அங்கே ஒரு பொட்டலம் உண்டு. கூட்டமும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞனுக்குக் கண்கள் மஞ்சளாயின. அவனுடைய தந்தை என்னையும் அழைத்துக்கொண்டு நாட்டு மருந்துக் கடைக்குச் சென்றார். கடைக்காரர் கீழாநெல்லிக் கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஹஜ்ரத், இதை அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுத்தால் போதும். எங்கள் அத்தா காலத்திலிருந்து பார்த்து வருகிறேன், ஒருவருக்கும் தப்பியதில்லை" என்றார். எனக்கும் மறுப்பதற்கு வாய் வரவில்லை. பத்து வயதில் எனக்குக் காமாலை வந்தபோது என் தாயார் கொடுத்ததும் அதே கீழாநெல்லிதான். நானும் பிழைத்து எழுந்தவன்தான். ஆயினும் வீடு திரும்பும் வழியில் ஒரு கேள்வி என்னை விடவில்லை. என்னைக் குணப்படுத்தியது கீழாநெல்லியா? அல்லது கீழாநெல்லி குடித்த நாட்களில் நோய் தானாகவே நீங்கிற்றா? இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது?

இது புதிய கேள்வியன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் கேட்ட கேள்வி. அதற்கு விடை தேடிய வரலாற்றில் நம் தமிழகத்துக்கும், நாம் வாழும் இந்தக் கரிசல் பூமிக்கும் பெரும் பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார்.

அரபு நாட்டுச் 'சனா', திருநெல்வேலிச் 'சன்னா'

நபித்தோழியர் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களிடம், மலச்சிக்கலுக்கு எதைப் பயன்படுத்துகிறீர் என்று நபி (ஸல்) அவர்கள் வினவியதாகவும், அவர் கடுமையான ஒரு செடியைக் குறிப்பிட்டதாகவும், பின்னர் 'சனா'வைப் பயன்படுத்தியதைச் சொன்னபோது அதனைப் பெருமானார் (ஸல்) அவர்கள் மிகவும் சிறப்பித்துக் கூறியதாகவும் திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் ஒரு செய்தி பதிவாகியுள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ்கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்திற்குள் நாம் இங்கு செல்லவில்லை. நமக்கு வேண்டியது அந்தச் செடியின் வரலாறு.

சனா என்பது நம் சித்த மருத்துவர்கள் நிலவாகை, சூரத்து நிலவாகை என்றெல்லாம் வழங்கும் செடிதான். அரேபியாவையும் வடகிழக்கு ஆப்பிரிக்காவையும் தாயகமாகக் கொண்ட அது, கடல் வணிகத்தின் வழியே தென்னாட்டை அடைந்து, மழை குறைந்த நம் வறண்ட நிலத்தில் வேரூன்றிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் அதன் இலை தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பலேறி ஐரோப்பா சென்றது. உலகச் சந்தையில் இரண்டு வகை சனாவுக்கே பெயர். ஒன்று எகிப்தின் வழியே சென்ற அலெக்சாந்திரியா சனா. மற்றொன்று 'தின்னவேலி சென்னா', அதாவது திருநெல்வேலிச் சனா. இன்றும் மேலைநாட்டு மருந்து நூல்களில் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது.

இங்கே நம் ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் வட்டங்கள் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோதுதான் அவை பிரிந்தன. 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டம் பிறந்தது. எனவே 'திருநெல்வேலி' என்ற அந்த வணிகப் பெயருக்குள் நம் வட்டாரமும் அடக்கம் என்று உரிமை கொண்டாடலாம்!

இந்த இலை பேதிக்கு உதவும் என்பதை அரபு நாட்டார் அறிந்திருந்தனர், நம் வைத்தியர்களும் அறிந்திருந்தனர். ஆயினும் அது ஏன் வேலை செய்கிறது என்பது 1941இல்தான் துலங்கியது. அவ்வாண்டில் சுவிட்சர்லாந்தின் ஆர்தர் ஸ்டோல் என்ற வேதியியலறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் அதன் செயற்பொருளான 'சென்னோசைடு'களைப் பிரித்தெடுத்தனர். இப்பொருள் வயிற்றிலும் சிறுகுடலிலும் உறிஞ்சப்படுவதில்லை. பெருங்குடலை அடைந்தபின், அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கின்றன. சிதைந்து பிறக்கும் பொருளே குடலைத் தூண்டி அசைக்கிறது. இரவில் உட்கொண்டவருக்கு விடிந்த பிறகே பலன் தெரிவதன் காரணம் இதுதான். அளவு தெரிந்தது, நேரம் தெரிந்தது, தீங்கும் தெரிந்தது. நாட்கணக்கில் தொடர்ந்து எடுத்தால் உடலின் நீரும் உப்பும் குறைந்துபோகும். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சனாவுக்கு இடமுண்டு. மூலிகைக்கு அறிவியல் பகை என்று பேசுவோர் இச்செடியின் கதையை ஒருமுறை படிக்க வேண்டும்.

இராஸியின் இரண்டு கூட்டம்

சனா வென்றது. ஆனால் எல்லா மூலிகையும் வெல்வதில்லை. எது வெல்லும் எது தோற்கும் என்பதை அறிய ஒரு முறை வேண்டும் அல்லவா? அந்த முறையின் தொடக்கத்தை நம் வரலாற்றிலேயே காண்கிறோம்.

ரய் நகரைச் சேர்ந்த அபூபக்ர் முஹம்மத் இப்னு ஜகரிய்யா அர்ராஸி, பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த மாபெரும் மருத்துவர். அவருடைய குறிப்புகளின் தொகுப்பாகிய 'அல்ஹாவீ'யில் ஒரு செய்தி உள்ளது. மூளைக் காய்ச்சலின் அறிகுறி தென்பட்டவர்களில் ஒரு கூட்டத்தாருக்கு இரத்தம் குத்தி எடுத்ததாகவும், மற்றொரு கூட்டத்தாரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டுவைத்ததாகவும், இரு கூட்டத்தாரின் நிலையையும் ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வர விரும்பியதாகவும் அவர் எழுதுகிறார். அவர் கண்ட முடிவு இன்றைய மருத்துவத்திற்கு ஒவ்வாது. இரத்தம் எடுப்பது நன்மை என்றே அவர் எண்ணினார். ஆனால் 'மருந்து பெற்றவரை மட்டும் பார்க்காதே, பெறாதவரையும் பார்' என்ற எண்ணம் அங்கே பளிச்சென்று தெரிகிறது.

அவருக்குப் பின் வந்த இப்னு சீனா (980–1037) 'அல்கானூன்' நூலின் இரண்டாம் பகுதியில், ஒரு மருந்தைச் சோதிக்கும் நெறிகளை வகுத்துரைத்தார். மருந்து கலப்பின்றி இருக்க வேண்டும், பல நோய் கலந்தவரிடம் அன்றி ஒரே நோய் உள்ளவரிடம் சோதிக்க வேண்டும், பலன் எப்போதும் அல்லது பெரும்பாலும் தோன்ற வேண்டும், விலங்கில் கண்டதை மனிதனில் கண்டதாகக் கொள்ளலாகாது என்பன அவற்றுள் சில. ஒருமுறை நடந்தது தற்செயலாக இருக்கலாம் என்பதே அவர் கருத்தின் சாரம்.

கருஞ்சீரகம் பற்றிய புகழ்பெற்ற நபிமொழிக்கு விளக்கம் எழுதியோரும் இந்த நிதானத்தோடுதான் எழுதினர். இமாம் கத்தாபீ (ரஹ்) போன்றோர், அதன் சொல் பொதுவாக இருந்தாலும் கருதப்படுவது குறிப்பிட்ட வகை நோய்களே என்றனர். இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் 'ஃபத்ஹுல் பாரீ'யில் இத்தகைய விளக்கங்களைப் பதிவு செய்துள்ளார்கள். இன்றைய சிறு சோதனைகள் சிலவற்றில் கருஞ்சீரகம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஓரளவு குறைத்துள்ளது. அதைக் கொண்டு, மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெயைக் குடிக்குமாறு சொல்வதற்கு மார்க்கத்திலும் இடமில்லை, மருத்துவத்திலும் இடமில்லை. பள்ளிவாசல் வாயிலில் அவ்வாறு சொல்லி விற்பதைக் கேட்டுக்கொண்டு நாம் கடந்து போகிறோம்.

1988: கீழாநெல்லியின் புகழ்

இப்போது கீழாநெல்லிக்கு வருவோம். அதன் வரலாற்றில் சென்னைக்கு உலகப் புகழ் உண்டு.

மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயன்று, பல நோய்களின் அடையாளம். கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களில் 'ஹெபடைடிஸ் பி' என்பது இரத்தத்தின் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுவது. அது உடலில் நிலைத்துவிட்டால் பல்லாண்டுகளுக்குப் பின் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றாகவோ முடியலாம். அந்த வைரஸைக் கண்டறிந்தவர் அமெரிக்க அறிஞர் பாரூக் பிளம்பெர்க். அதற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றவர். நம் நாட்டு மக்கள் காமாலைக்குக் கீழாநெல்லி குடிக்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வுக்கூடத்தின் கவனத்தை ஈர்த்தது. அங்கே நடந்த ஆய்வுகளில் அச்செடியின் சாறு வைரஸின் ஒரு நொதியைத் தடுப்பது தெரியவந்தது. அமெரிக்காவின் அணில் குடும்ப விலங்கு ஒன்றிலும் சோதித்து 1987இல் வெளியிட்டனர்.

அதற்கடுத்த ஆண்டு, 1988 அக்டோபரில், உலகின் தலைசிறந்த மருத்துவ இதழ்களில் ஒன்றான 'லான்செட்'டில் சென்னையிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் தலைமையிலான குழு அதை நடத்தியது. பிளம்பெர்க்கும் அதில் ஓர் ஆசிரியர். ஹெபடைடிஸ் பி வைரஸை உடலில் சுமந்து கொண்டிருந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு 30 நாட்கள் கீழாநெல்லிப் பொடி கொடுக்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்றுக் குளிகை. இராஸியின் இரண்டு கூட்டம் இங்கே திரும்ப வருவதைக் கவனியுங்கள். முடிவில், கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்றுக் குளிகை பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அது மறைந்தது.

நூற்றுக்கு 59 ஒரு பக்கம், நூற்றுக்கு 4 மறுபக்கம்! செய்தி உலகெங்கும் பரவியது. நம் பாட்டியர் சொன்னது உண்மையாயிற்று என்று தமிழகம் மகிழ்ந்தது. மகிழ்ந்ததில் தவறில்லை. அச்சோதனை முறைப்படி நடந்த சோதனைதான்.

ஆனால் அறிவியலில் ஒரு சாட்சி போதாது. ஒருவர் கண்டதை வேறிடத்தில் வேறொருவர் செய்து பார்த்தும் காண வேண்டும். தாய்லாந்தில் செய்து பார்த்தனர், 1990இல் வந்த முடிவு ஏமாற்றமாக இருந்தது. நியூசிலாந்தில் செய்து பார்த்தனர், அங்கும் வைரஸ் மறையவில்லை. இந்தியாவிலேயே நடந்த மறு ஆய்வும் முதல் முடிவை உறுதிப்படுத்தவில்லை. செடி வேறு இனமாக இருக்கலாம், ஏனெனில் கீழாநெல்லி என்ற பெயரில் ஒன்றுபோல் தோன்றும் பல இனங்கள் உள்ளன. விளைந்த மண்ணும் பறித்த பருவமும் மாறியிருக்கலாம் என்று விளக்கங்கள் கூறப்பட்டன. முதல் சோதனையில் கணக்கிடப்பட்டவர் 60 பேர்தாம் என்பதும் நினைக்கத்தக்கது. பின்னர் உலகெங்கும் நடந்த 16 சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த 'காக்ரேன்' என்ற பன்னாட்டு மதிப்பாய்வு 2011இல் வெளிவந்தது. வெற்றுக் குளிகையைவிடக் கீழாநெல்லி இனம் இந்நோய்க்குப் பயன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு.

சகோதரர்களே! இதைக் கூறும்போது என் மனமும் கனக்கிறது. ஆனால் என் பத்து வயதுக் காமாலைக்கு இதில் விடை இருக்கிறது. அசுத்தமான நீராலும் உணவாலும் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ ஆகிய வகைகளே நம் ஊர்களில் பெரும்பாலான காமாலைக்குக் காரணம். அவை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே நீங்கிவிடும். பெரியவர்களைத் தாக்கும் ஹெபடைடிஸ் பியும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குத் தானாக விலகிவிடும். எனவே காமாலை கண்டவருக்குக் கீழாநெல்லி கொடுத்தாலும் இளநீர் கொடுத்தாலும் பெரும்பாலோர் எழுந்து நடப்பர். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். அவர் காணாதது, கீழாநெல்லி குடிக்காமலே எழுந்து நடந்தவர்களை.

அவர் காணாதவர் இன்னொரு வகையினரும் உண்டு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஹெபடைடிஸ் ஈ தாக்கினால், நூறு பெண்களில் இருபது முதல் இருபத்தைந்து பேர் வரை உயிரிழக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பித்தநாளத்தில் கல்லோ கட்டியோ அடைத்து வரும் காமாலைக்கு எந்த இலையும் வழி திறக்காது. நான் அறிந்த ஒரு முதியவர் மூன்று மாதம் பத்தியமிருந்து மருந்து குடித்தார். அதன் பிறகே அவருடைய கணையத்தில் கட்டி இருப்பது தெரிந்தது. அவருடைய ஜனாஸாவைத் தொழவைத்தவன் நான். மருந்துக் கடைக்காரர் முதல் வரிசையில் நின்று அழுதார்.

மலையும் பெயரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழும் நமக்கு மூலிகைமீது ஒரு தனிப் பற்று உண்டு. வத்திராயிருப்பு வழியே சதுரகிரி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு, இராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் அருவி. அம்மலையைத் தலைமுறைகளாக அறிந்த பளியர் மக்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். ஆனால் 1988இல் அது சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. வெளியாள் அங்கு சென்று செடி பறிப்பது சட்டப்படி குற்றம். அவ்வாறிருக்கக் கடைதோறும் குவிந்திருக்கும் 'சதுரகிரி மூலிகை' எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை. கீழாநெல்லிக்கு மலையே தேவையில்லை, வயல் வரப்பில் களையாக முளைப்பது அது! மூலிகை என்ற பெயருக்கே மயங்கும் பழக்கத்தால் நம் வட்டாரம் ஒருமுறை நாடறிய ஏமாந்தது. 1996இல் மூலிகையிலிருந்து பெட்ரோல் கிடைத்துவிட்டதாக இராஜபாளையம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கிளம்பிய செய்தியும், அது தொடர்பான வழக்கில் 2016இல் சென்னை நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்றாகாது. 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைத் தொடர்ந்து குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினர். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. விவாதம் எவ்வாறாயினும், ஏற்கெனவே கல்லீரல் நோயுள்ளவர் எச்சரிக்கையோடு இருப்பதே தகும்.

மாறாக, சோதனையில் வென்ற மூலிகைக்கு இன்னொரு சான்றும் நம் சமுதாய வரலாற்றில் உண்டு. யூனானி மருத்துவத்தின் பேரறிஞர் ஹகீம் அஜ்மல் கான் டெல்லியில் திப்பியா கல்லூரியை வளர்த்தவர். சர்ப்பகந்தா வேரை வேதியியல் முறையில் ஆராயுமாறு இளைஞர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கியை ஊக்குவித்தார். ஹகீம் 1927இல் மறைந்தார். 1931இல் சித்தீக்கி அவ்வேரிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்குத் தம் ஆசானின் பெயரால் 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். அதே வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் ஆங்கில இதயநோய் இதழில் எழுதியபின் உலகம் விழித்தது. 1952இல் அதன் செயற்பொருள் 'ரெசர்பின்' கண்டறியப்பட்டது. சிலருக்கு அது கடும் மனச்சோர்வைத் தருவதும் பின்னர் வெளிப்பட்டது. நன்மையைக் காட்டிய அதே சோதனை முறைதான் தீமையையும் காட்டிற்று.

உணவே மருந்தா?

மருந்தை விட்டு உணவுக்கு வருவோம். இங்கேயும் நம் மாநிலத்தில் நடந்த சோதனைகள் உலகின் வழக்கத்தையே மாற்றியுள்ளன.

அக்காலத்தில் காசநோய் வந்தவரை மலைக்காற்றும் முட்டையும் பாலும் ஓய்வும் தரும் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைப்பது வழக்கம். சத்துணவும் ஓய்வும் இன்றிக் காசநோய் தீராது என்பது மருத்துவர்களின் உறுதியான நம்பிக்கை. ஏழைகளுக்கோ சானடோரியத்தில் இடமில்லை. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம் ஒரு துணிச்சலான கேள்வியைக் கேட்டது. புதிய மருந்துகளை மட்டும் கொடுத்து, நோயாளியை அவருடைய வீட்டிலேயே வைத்தால் என்ன ஆகும்? நோயாளிகள் 193 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். வீட்டில் இருந்தோர் நெரிசலான குடியிருப்பில், குறைந்த உணவோடு, பலர் வேலைக்கும் சென்றுகொண்டு மருந்து எடுத்தனர். சானடோரியத்தில் இருந்தோருக்கு நல்ல உணவும் முழு ஓய்வும். 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியக்க வைத்தது. ஓராண்டில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்தச் சென்னைச் சோதனை முக்கியக் காரணங்களில் ஒன்றாயிற்று.

அப்படியானால் உணவுக்கு மதிப்பில்லையா? அவசரப்பட வேண்டாம். இதே கேள்வி அறுபது ஆண்டுகளுக்குப் பின் வேறு வடிவில் கேட்கப்பட்டது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு அடங்கிய உணவுப் பையும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்தனர். வீட்டார் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். 2023இல் வந்த முடிவின்படி, அவ்வுணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. வந்த காசத்தை நீக்குவது மருந்து, வாராமல் காப்பதில் உணவுக்குப் பெரும் பங்கு. 1959ஆம் ஆண்டின் முடிவும் பொய்யன்று, 2023ஆம் ஆண்டின் முடிவும் பொய்யன்று. ஏழை அண்டைவீட்டாருக்கு அரிசி கொடுப்பது அவருடைய பிள்ளைகளைக் காசத்திலிருந்து காக்கிறது என்பதை ஸகாத் கணக்குப் பார்ப்போர் குறித்துக்கொள்ளட்டும்.

சத்துச் சொட்டுகளின் கதையும் இத்தகையதே. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் லட்சுமி ரஹ்மத்துல்லாஹ்வும் அவர் குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளை வாரந்தோறும் வீடு தேடிச் சென்று பார்த்தனர். ஒரு பிரிவுக்குச் சிறிதளவு வைட்டமின் ஏயும் ஈயும், மறு பிரிவுக்கு வைட்டமின் ஈ மட்டும். ஓராண்டு முடிவில், வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே மரணம் நூற்றுக்கு 54 பங்கு குறைந்திருந்தது. 1990இல் இது வெளியானது. கண்ணைக் காக்கும் சத்து உயிரையும் காக்கும் என்று தெரிந்தது. ஆனால் உத்தரப்பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவில் கொடுத்து நடத்திய சோதனையில், 2013இல் வந்த முடிவு, பலன் மிகச் சொற்பமே என்றது. சத்துக் குறைவு கடுமையாக உள்ள இடத்தில் அது உயிர் காக்கிறது, குறைவில்லாத இடத்தில் கூடுதலாகக் கொடுத்துப் பயனில்லை என்று கருதுவோரே பலர். பயனில்லாததோடு நில்லாமல் தீங்காகவும் ஆகலாம். பின்லாந்தில் 29,133 புகைபிடிப்போரிடம் நடந்த சோதனையில், கேரட்டின் சத்தாகிய பீட்டா கரோட்டினை மாத்திரையாக விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் நூற்றுக்கு 18 பங்கு அதிகமாயிற்று. 1994இல் இது வெளிவந்தபோது மருத்துவர்களே திடுக்கிட்டனர். முருங்கைக்கீரையைத் தின்பதற்கும் அதன் சத்தைக் குப்பியில் வாங்கி விழுங்குவதற்கும் வேறுபாடு உண்டு என்பதை, 'ஹெல்த் டிரிங்க்' முகவராகச் சேர்ந்து உறவினரிடம் டப்பா விற்கும் நம் சகோதரர்கள் உணர வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு வெந்தயம், ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான் என்று பட்டியல் நீளுகிறது. அவற்றின் சோதனைகள் சிறியவை. உறுதியாகச் சோதிக்கப்பட்டது எளிமையான ஒன்று. சென்னையில் மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாயிலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டு கவனித்தது. வழக்கம்போல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவைக் குறைத்து, நடைப்பயிற்சி செய்யுமாறு தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு மட்டுமே வந்தது. மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன். 2006இல் வெளிவந்த இந்த முடிவில் விற்பதற்குப் பொட்டலம் ஏதுமில்லை, ஆதலால் விளம்பரமும் இல்லை. பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊரில் இருந்துகொண்டு இதை எழுதுவது எனக்கே சற்றுச் சங்கடம்தான். நிகாஹ் வீட்டில் தட்டில் வைத்ததை மறுக்கவும் முடிவதில்லை.

அந்த இளைஞன்

தொடக்கத்தில் சொன்ன இளைஞனுக்கு வருகிறேன். அவனுடைய தந்தை கீழாநெல்லியையும் வாங்கினார், என் வற்புறுத்தலுக்கு இணங்கி மறுநாள் அரசு மருத்துவமனைக்கும் அழைத்துச் சென்றார். இரத்தத்தைச் சோதித்ததில் ஹெபடைடிஸ் பி என்று தெரிந்தது. கடைக்காரர் அறிந்த வகையான, தானே வந்து தானே போகும் தண்ணீர்க் காமாலையன்று. மருத்துவர் இரண்டு விஷயம் சொன்னார். ஆறு மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும், அப்போதும் வைரஸ் இருந்தால்தான் அது நிலைத்துவிட்டதாகப் பொருள். வீட்டிலுள்ளோர் அனைவரும் சோதித்து, நோய் இல்லாதவர் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். 2018இல் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சி வைரஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் இச்சோதனையும், தேவைப்படுவோருக்கு மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம் என்பதை அன்றுதான் நானும் அறிந்தேன்.

தாய்க்குச் சோதித்தபோது அவருக்கும் அது இருந்தது. எத்தனை ஆண்டுகளாகவோ, ஓர் அறிகுறியும் இல்லாமல். அவர் இப்போது தினம் ஒரு மாத்திரை எடுக்கிறார்.

ஆறு மாதம் முடிந்து மகனைச் சோதித்தபோது வைரஸ் நீங்கியிருந்தது. செய்தியைக் கேட்ட கடைக்காரர், "பார்த்தீர்களா ஹஜ்ரத், கீழாநெல்லி கைவிடவில்லை" என்றார். நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் கணக்கை அவருக்குச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பையனுடைய அம்மாவும் என்னிடம்தான் மருந்து வாங்குவார்கள். அவர்களுக்குக் கண்ணில் மஞ்சளே இருந்ததில்லையே" என்றார். அடுத்த வாரம் தம் வீட்டார் ஏழு பேரையும் அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனை வரிசையில் அவர் நிற்பதைக் கண்டேன்.